மழை வந்தும் மந்தை ஏன் பெருகவில்லை? மேய்ச்சல் பண்ணையாளரின் வேலையும் அதன் கணக்கும்

வறட்சி வந்தால் சந்தையில் மாட்டிறைச்சி கூடுகிறது. நல்ல மழை பெய்து புல் தழைத்த பிறகு இறைச்சி குறைந்து, விலை ஏறுகிறது. செய்தியில் இதைப் படிப்பவர்களுக்கு எல்லாம் தலைகீழாக இருப்பதுபோல் தோன்றும். அமெரிக்காவில் 2025 ஜனவரி 1 அன்று இருந்த மாடுகளும் கன்றுகளும் சேர்த்து சுமார் 8.67 கோடி. 1951க்குப் பிறகு அதுவரை அந்த நாட்டு மந்தை இவ்வளவு சுருங்கியதில்லை. மாட்டின் விலையோ அந்த வருஷம் உச்சத்தில் இருந்தது. இவ்வளவு நல்ல விலை கிடைக்கும்போது பண்ணையாளர்கள் உடனே மாடுகளைப் பெருக்க வேண்டியதுதானே என்று பலரும் கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். பதில் புரிய வேண்டுமானால் மேய்ச்சல் பண்ணையாளர் என்ன வேலை செய்கிறார் என்று தெரிந்திருக்க வேண்டும். காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போய் மாலையில் திரும்ப ஓட்டி வருவதுதான் அந்த வேலை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். அந்த வேலையின் கனமான பகுதி முன்கூட்டியே முடிவெடுப்பது. இன்று எடுக்கும் முடிவின் பலன் ஒன்பது மாதம் கழித்துத் தெரியலாம், மூன்று வருஷம் கழித்தும் தெரியலாம். அதற்குள் மனதை மாற்றிக்கொள்ளவும் முடியாது.

## மேய்ச்சல் பண்ணை என்பது எது?

கால்நடை வளர்ப்பில் பல வகை உண்டு. தொழுவத்தில் கட்டித் தீவனம் போட்டுப் பால் கறப்பது ஒன்று. இளம் மாடுகளைப் பெரிய பட்டியில் அடைத்து, தானியம் கொடுத்துச் சில மாதங்களில் எடை ஏற்றுவது இன்னொன்று. மேய்ச்சல் பண்ணை இந்த இரண்டிலும் சேராது. அங்கே தாய்ப்பசுக்கள் பரந்த நிலத்தில் மேய்ந்து, வருஷத்துக்கு ஒரு கன்று ஈன்று, அந்தக் கன்றைப் பால் கொடுத்து வளர்க்கும். பண்ணையின் வருமானம் பெரும்பாலும் அந்தக் கன்றுதான். மாட்டுக்குப் பதில் செம்மறி ஆடோ வெள்ளாடோ இருந்தாலும் அடிப்படை இதேதான்.

உலகின் வேளாண் நிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 320 கோடி ஹெக்டேர், நிரந்தரப் புல்வெளியும் மேய்ச்சல் நிலமும். அதில் பெரும்பகுதி உழுது பயிரிட உதவாது. மழை போதாது, மண் ஆழமில்லை, அல்லது சரிவு அதிகம். அந்த நிலத்திலிருந்து மனிதருக்கு உணவு கிடைக்க வேண்டுமென்றால் புல்லைத் தின்று செரிக்கும் ஒரு விலங்கு நடுவில் இருக்க வேண்டும். ஐக்கிய நாடுகள் சபை 2026ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்ததற்கு இந்த நிலப்பரப்பின் அளவே போதுமான காரணம்.

## புல்தான் பயிர்

மாடு புல்லைச் செரிக்கிறது என்று சொல்கிறோம். உண்மையில் செரிப்பவை அதன் வயிற்றுக்குள் வாழும் நுண்ணுயிர்கள். மாட்டின் இரைப்பையில் நான்கு அறைகள். முதல் அறையான அசையூண் பை வளர்ந்த பசுவில் 100 லிட்டருக்கும் மேல் கொள்ளும். அதில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லின் நாரைப் புளிக்கவைத்து உடைக்கின்றன. மாடு ஒரு நாளில் ஆறு, ஏழு மணி நேரம் அசைபோடுவது அந்த நுண்ணுயிர்களுக்குத் தீனியை அரைத்துக் கொடுக்கத்தான். ஆகவே பண்ணையாளர் தீனி போடுவது முதலில் நுண்ணுயிருக்கு, அப்புறம்தான் மாட்டுக்கு. உலர்ந்த புல்லில் புரதம் குறைந்துவிட்டால் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும். வயிறு நிறையப் புல் இருந்தும் மாடு இளைக்கும். அனுபவமுள்ளவர்கள் இதைச் சாணத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். சாணம் இறுகி அடுக்கடுக்காக விழுந்தால் புரதம் போதவில்லை என்று பொருள். சாணத்தைப் படிக்கத் தெரிவது இந்தத் தொழிலின் முதல் பாடங்களில் ஒன்று.

புல்லுக்கும் ஒரு கணக்கு உண்டு. இலைதான் அதன் சமையலறை. இலையை மாடு கடித்த பிறகு, மிச்சமிருக்கும் இலையில் உணவு தயாரித்துத்தான் புல் மறுபடி தழைக்க வேண்டும். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கிரைடர் என்பவரின் ஆய்வு 1955இல் வெளியானது. புல்லின் மேல்பகுதியில் பாதிக்கு மேல் வெட்டினால் வேர் வளர்ச்சி நிற்கத் தொடங்குகிறது, பெரும்பகுதியை வெட்டினால் வேர் வளர்ச்சி பல நாட்களுக்கு முற்றிலும் நின்றுவிடுகிறது என்று அது காட்டியது. வேர் நின்றால் அடுத்த மழையில் புல்லால் நீரை இழுக்க முடியாது. "பாதி எடு, பாதி விடு" என்று மேய்ச்சல்காரர்கள் சொல்வது இதனால்தான்.

பிரெஞ்சு நாட்டு ஆய்வாளர் ஆந்த்ரே வாசான் 1950களில் இன்னொரு விஷயத்தை வலியுறுத்தினார். நிலம் பாழாவதற்கு மாடுகளின் எண்ணிக்கையைவிட நேரமே முக்கியக் காரணம். ஒரு மாடு ஒரே இடத்தில் பல நாள் நின்றால், துளிர்த்து வரும் இளம்புல்லைத் தேடித் தேடித் திரும்பக் கடிக்கும். அந்தப் புல் தேறவே முடியாது. ஆகையால் நிலத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து, மந்தையை ஒவ்வொன்றாக நகர்த்தி, கடிபட்ட புல்லுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். எத்தனை நாள் ஓய்வு? வேகமாக வளரும் பருவத்தில் மூன்று, நான்கு வாரம் போதலாம். வறண்ட நிலத்தில் பல மாதங்கள் ஆகலாம். நாட்காட்டியை நம்பாமல் புல்லைப் பார்த்து முடிவெடுப்பவர்தான் இதில் தேறுகிறார். இப்படி மாற்றி மாற்றி மேய்த்தாலே இரண்டு மடங்கு மாடு வளர்க்கலாம் என்று சிலர் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது. வறண்ட நிலங்களில் நடந்த பல சோதனைகள் அதை ஆதரிக்கவில்லை. மழை தராத புல்லை எந்த முறையாலும் வரவழைக்க முடியாது.

## நிலம் எத்தனை மாட்டைத் தாங்கும்?

இதற்குத் தாங்குதிறன் என்று பெயர். கணக்கு எளிதானது. ஆனால் பண்ணை பிழைப்பதும் மூழ்குவதும் இந்தக் கணக்கில்தான். ஒரு கற்பனைப் பண்ணையை எடுத்துக்கொள்வோம்.

1. நிலம் 400 ஹெக்டேர். சாதாரண வருஷத்தில் ஹெக்டேருக்கு 2,000 கிலோ புல் விளைகிறது. இது உலர் எடை, அதாவது ஈரத்தைக் கழித்த எடை. மொத்தம் 8,00,000 கிலோ.

2. பாதியைப் புல்லுக்கே விட வேண்டும். மிச்சம் 4,00,000 கிலோ.

3. அந்தப் பாதியும் முழுசாக மாட்டின் வாய்க்குப் போகாது. மிதிபடும், சாணம் விழுந்து கெடும், பூச்சி தின்னும். மொத்த விளைச்சலில் கால் பங்கு மாட்டுக்குச் சேர்ந்தால் போதுமென்று வைத்துக்கொள்வது நடைமுறை. அப்படியானால் 2,00,000 கிலோ.

4. கன்றோடு இருக்கும் 450 கிலோ எடையுள்ள பசு ஒரு நாளைக்குச் சுமார் 12 கிலோ உலர் தீனி தின்னும். வருஷத்துக்கு 4,380 கிலோ.

5. 2,00,000ஐ 4,380ஆல் வகுத்தால் 45 பசுக்கள்.

இப்போது மழை பொய்த்து, விளைச்சல் பாதியாகிவிட்டது என்று வைப்போம். தாங்குதிறன் 22 பசுக்கள்தான். பண்ணையாளர் 45 பசுவையும் அப்படியே வைத்திருந்தால் அவை தின்பதும் மிதிப்பதுமாகச் சேர்ந்து மொத்தப் புல்லும் தீர்ந்துவிடும். தரை வெறுமையாகும். அடுத்து பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்காமல் மேல்மண்ணை அடித்துக்கொண்டு ஓடும். அந்த இழப்பு ஒரு வருஷத்தில் ஈடாகாது. வெளியிலிருந்து தீவனம் வாங்கலாமே என்றால், மீதி 23 பசுக்களுக்கு வருஷம் ஏறக்குறைய 100 டன் வேண்டும். வறட்சியில் ஊரே தீவனத்தைத் தேடும் நேரத்தில் அதன் விலை எங்கே இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே வறட்சியில் பண்ணையாளர் மாட்டை விற்கிறார். புல்லைக் காப்பாற்றத்தான் விற்கிறார். வறட்சிக் காலத்தில் இறைச்சி கூடுவதன் காரணம் இதுதான். சீக்கிரம் விற்பவருக்கு நல்ல விலை கிடைக்கும், நிலமும் மிஞ்சும். மழை வரும், வரும் என்று காத்திருந்து கடைசியில் விற்பவருக்கு இளைத்த மாடும் இறங்கிய விலையும்தான். தேர்ந்தவர்கள் முன்கூட்டியே ஒரு தேதி குறித்துவைக்கிறார்கள். "இந்தத் தேதிக்குள் இவ்வளவு மழை பெய்யாவிட்டால் இத்தனை மாட்டை விற்பேன்." நம்பிக்கை கண்ணை மறைப்பதற்கு முன்பே எழுதிவைத்த முடிவு அது. இந்தத் தொழிலில் எல்லாவற்றையும்விடக் கடினமான திறமை இது என்றே சொல்லத் தோன்றுகிறது.

## தண்ணீர், வேலி, தாது உப்பு

வெயிலைப் பொறுத்துப் பசு ஒரு நாளைக்கு 30 முதல் 70 லிட்டர் வரை தண்ணீர் குடிக்கும். தண்ணீர் இருக்கும் இடத்துக்கு அருகில்தான் அது மேயவும் செய்யும். இரண்டு, மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் புல் பெரும்பாலும் தின்னப்படாமலே போகும். தொட்டியை ஒட்டிய நிலமோ மொட்டையாகும். ஆகவே புதிய தொட்டி ஒன்றை எங்கே வைப்பது என்பதே ஒரு மேய்ச்சல் முடிவு. குழாய் பொருத்துவது, மிதவை அடைப்பானைப் பழுதுபார்ப்பது, வேலிக் கம்பியை இழுத்துக் கட்டுவது, மின்வேலியில் மின்சாரம் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது எல்லாம் அன்றாட வேலைகள். வாரத்தில் பாதி இதிலேயே போய்விடும்.

தாது உப்பு சின்ன விஷயமாகத் தெரியும். தென்னாப்பிரிக்காவில் ஒரு காலத்தில் மாடுகள் முடங்கி விழுந்து கொத்துக் கொத்தாகச் செத்தன. கால்நடை அறிவியலாளர் ஆர்னால்ட் தைலர் 1920 வாக்கில் காரணத்தை அவிழ்த்தார். மண்ணில் பாஸ்பரஸ் இல்லை, ஆகவே புல்லிலும் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ள மாடுகள் செத்த விலங்குகளின் எலும்பைத் தேடிக் கடித்தன. அழுகிய எலும்பில் இருந்த கிருமியின் நஞ்சு அவற்றை முடக்கியது. தீனியில் பாஸ்பரஸ் கிடைத்ததும் எலும்பு கடிப்பது நின்றது. மாடு எலும்பையோ மண்ணையோ மரப்பட்டையையோ கடித்தால் அது கெட்ட பழக்கம் என்று விரட்டாமல், தீனியில் என்ன குறைகிறது என்று தேடுவதே சரி.

## 82 நாள் கணக்கு

வருஷத்துக்கு ஒரு கன்று என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அது எவ்வளவு இறுக்கமான கணக்கு என்று பாருங்கள்.

1. பசுவின் சினைக்காலம் சுமார் 283 நாள். வருஷத்துக்கு 365 நாள். மிச்சம் 82 நாள்.

2. ஈன்ற பிறகு கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப ஏறக்குறைய 40 நாள் ஆகும். மிச்சம் 42 நாள்.

3. பசு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். 42 நாளில் இரண்டே வாய்ப்புகள்.

இரண்டிலும் சினைபிடிக்காவிட்டால் அடுத்த கன்று தாமதமாகும். தாமதமாகப் பிறந்த கன்று விற்பனை நேரத்தில் எடை குறைந்து நிற்கும். இன்னும் தள்ளிப்போனால் பசு ஒரு வருஷம் முழுக்கச் சும்மா தின்றுகொண்டிருக்கும்.

சினைபிடிப்பதை நிர்ணயிப்பது ஈனும் நேரத்தில் பசுவின் உடம்பில் இருக்கும் கொழுப்பு. இதை அளக்கக் கருவி வேண்டாம், கண் போதும். விலா எலும்பு, இடுப்பெலும்பு, வால் துவங்கும் இடம் ஆகியவற்றைப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். சில நாடுகளில் 1 முதல் 5 வரை. 9க்கு 5 அல்லது 6 இருந்தால் நல்லது. ஒரு மதிப்பெண் கூட்ட 35 முதல் 45 கிலோ வரை எடை ஏற வேண்டும். ஈன்ற பிறகு ஏற்றிவிடலாம் என்று நினைத்தால் நடக்காது, அப்போது தின்பதெல்லாம் பாலாகிப் போய்விடும். ஈனுவதற்கு மூன்று மாதம் முன்பே பார்த்துத் தேற்ற வேண்டும். அப்படியானால் புல் எப்போது செழிப்பாக இருக்கும் என்று பார்த்து, அதற்கேற்ப ஈனும் காலத்தையும், அதற்கேற்பக் காளையை மந்தைக்குள் விடும் தேதியையும் பின்னோக்கிக் கணக்கிட வேண்டும்.

பொலிகாளை விஷயத்திலும் இதே முன்யோசனைதான். ஒரு காளைக்கு 20 முதல் 30 பசுக்கள் என்பது வழக்கம். விந்தணு உருவாக ஏறக்குறைய 60 நாள் ஆகும். இன்றைக்குக் காய்ச்சல் கண்ட காளையின் பலவீனம் அடுத்த இரண்டு மாதத்துக்குத் தெரியும். வெளியே பார்க்கக் கம்பீரமாக நிற்கும் மலட்டுக் காளை ஒரு வருஷத்து வருமானத்தையே கொண்டுபோய்விடும். பருவத்துக்கு முன்பே மருத்துவரிடம் காட்டிச் சோதிப்பது செலவல்ல.

## கன்று ஈனும் இரவுகள்

எல்லாத் திறமையும் ஒரே நேரத்தில் தேவைப்படும் இடம் இது. பெரும்பாலான பசுக்கள் யார் உதவியும் இல்லாமல் ஈன்றுவிடும். எப்போது கை வைக்கக் கூடாது என்று தெரிவதே பாதித் திறமை. மீதிப் பாதி, எப்போது கை வைத்தே ஆக வேண்டும் என்று தெரிவது.

சரியான நிலையில் இருக்கும் கன்றின் இரண்டு முன்னங்கால்களும், அவற்றின் மேல் மூக்கும் முதலில் வரும். பசு அரை மணி நேரம் பலமாக முக்கியும் முன்னேற்றம் ஏதும் இல்லை என்றால் காத்திருக்கக் கூடாது. உள்ளே கைவிட்டுப் பார்க்கும்போது தட்டுப்படுவது முன்னங்காலா பின்னங்காலா என்று இருட்டிலும் சொல்ல ஒரு வழி உண்டு. முன்னங்காலில் குளம்புக்கு மேலுள்ள மூட்டும் அடுத்த மூட்டும் ஒரே பக்கமாக மடங்கும். பின்னங்காலில் எதிரெதிர்ப் பக்கம் மடங்கும். தலை பின்னால் திரும்பியிருந்தால் கன்றை உள்ளே தள்ளி, திருப்பி, அப்புறம்தான் இழுக்க வேண்டும். அதுவும் பசு முக்கும்போது மட்டும். கைக்கு எட்டாத சிக்கலென்றால் மருத்துவரை அழைப்பதில் தயக்கம் கூடாது. வலிந்து இழுத்தால் தாய், கன்று இரண்டும் போய்விடும்.

பிறந்த கன்றுக்குச் சீம்பால்தான் உயிர். பசுவின் நஞ்சுக்கொடி வழியாக நோய் எதிர்ப்புப் புரதங்கள் கன்றுக்குப் போவதில்லை. ஆகவே கன்று எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் பிறக்கிறது. அந்தப் புரதங்கள் சீம்பாலில் இருக்கின்றன. அவற்றை உள்வாங்கும் கதவு கன்றின் குடலில் பிறந்ததிலிருந்து மூடிக்கொண்டே வரும், 24 மணி நேரத்தில் அடைத்துவிடும். முதல் ஆறு மணி நேரத்துக்குள் வயிறு நிறையக் குடித்த கன்றும், மறுநாள் காலை குடித்த கன்றும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். மூன்று வாரம் கழித்துக் கழிச்சல் பரவும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

தொப்புளுக்கு அயோடின் தடவுவதையும் சும்மா சடங்காக நினைக்கக் கூடாது. அமெரிக்கக் கண்டத்தில் திருகுப்புழு ஈ என்று ஒன்று உண்டு. காயத்தில் முட்டையிடும், புழு உயிருள்ள சதையையே தின்னும். புதுக்கன்றின் தொப்புள் அதற்குப் பிடித்த இடம். எட்வர்ட் நிப்லிங், ரேமண்ட் புஷ்லாந்து என்ற இரு அமெரிக்க அறிவியலாளர்கள், பெண் ஈ வாழ்நாளில் ஒருமுறைதான் இணைசேரும் என்பதைப் பயன்படுத்திக்கொண்டார்கள். கதிரியக்கத்தால் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டு அந்த இனத்தையே அமெரிக்காவிலிருந்து ஒழிக்க அது வழிகாட்டியது. 1992இல் இருவருக்கும் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அந்த ஈ மத்திய அமெரிக்கா வழியாக மறுபடி வடக்கே ஏறி, 2024 நவம்பரில் மெக்சிகோவில் தென்பட்டது. அமெரிக்கா மெக்சிகோவிலிருந்து உயிர்மாடு வருவதை நிறுத்தியது. மந்தை ஏற்கெனவே சுருங்கியிருந்த நேரத்தில் இதுவும் சேர்ந்துகொண்டது.

## மாட்டை அமைதியாக நடத்துவது

மாடு இரையாகும் விலங்கு. அதன் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் 300 பாகைக்கும் மேல் பார்க்கும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. ஒவ்வொரு மாட்டையும் சுற்றி ஒரு கண்ணுக்குத் தெரியாத எல்லை இருக்கிறது. அதற்குள் நாம் நுழைந்தால் மாடு விலகும், வெளியே வந்தால் நிற்கும். இன்னொன்று தோள். தோளுக்குப் பின்னாலிருந்து அந்த எல்லைக்குள் நுழைந்தால் மாடு முன்னே போகும், தோளுக்கு முன்னாலிருந்து நுழைந்தால் பின்வாங்கும். இவ்வளவுதான் விதி. இதை உடம்பில் பழக்கிக்கொண்ட ஒருவர் கத்தாமல், கம்பு ஓங்காமல் நூறு மாட்டை வாயில் வழியே நடத்திவிடுவார்.

அமெரிக்கப் பேராசிரியர் டெம்பிள் கிராண்டின் மாட்டின் கண் உயரத்திலிருந்து பண்ணைகளையும் இறைச்சிக்கூடங்களையும் பார்த்தவர். தரையில் விழும் நிழல், தொங்கும் சங்கிலி, வேலியில் மாட்டிய சட்டை ஆகியவை மாட்டை நிறுத்திவிடும் என்று சுட்டிக்காட்டினார். அவற்றை எடுத்துவிட்டால் அடிக்கவே வேண்டாம். மாட்டிடம் அன்பு காட்டுவதோடு இது முடியவில்லை. மிரண்ட மாடு எடை இழக்கும், சினைபிடிப்பது குறையும். நீண்ட நேரம் பதற்றத்தில் இருந்த மாட்டின் தசையில் சர்க்கரைச் சேமிப்பு தீர்ந்து, இறைச்சி கருத்துக் கெட்டியாகும்.

சாதுவான மந்தையிலும் ஆபத்து உண்டு. ஈன்ற பசு கன்றுக்காக யாரையும் முட்டும். பழகிய காளை, பழகாத காளையைவிட ஆபத்தானது, மனிதனைக் கண்டு அதற்குப் பயம் போயிருக்கும். எந்தப் பட்டிக்குள் நுழைந்தாலும் வெளியேறும் வழியைப் பார்த்துவிட்டே நுழைய வேண்டும்.

## நோயை முதல் நாளே பார்ப்பது

நோயுற்ற மாடு அதை மறைக்கும். கூட்டத்தில் பலவீனமாகத் தெரிந்தால் வேட்டை விலங்குக்கு இரையாக வேண்டும் என்பது அதன் இரத்தத்தில் ஊறிய அறிவு. ஆகவே நல்ல பண்ணையாளர் நோயைத் தேடுவதைவிட, நேற்றிலிருந்து என்ன மாறியிருக்கிறது என்று பார்க்கிறார். எல்லாம் தண்ணீருக்கு வந்தபோது வராத ஒன்று. காது தொங்கிய ஒன்று. இடப்பக்க விலாவுக்குப் பின்னால் இருக்கும் முக்கோணம் குழிந்திருந்தால் அது தின்னவில்லை, உப்பியிருந்தால் வயிற்றில் வாயு அடைத்திருக்கிறது. வாயு உப்புசத்துக்குக் கிடைக்கும் நேரம் சில மணிகள்தான்.

கோமாரி, சப்பை நோய், தொண்டை அடைப்பான், அடைப்பான் எனப்படும் ஆந்த்ராக்ஸ் போன்றவற்றுக்குத் தடுப்பூசி உண்டு, அந்தந்தப் பகுதியின் அட்டவணைப்படி போட்டால் போதும். மனிதருக்குத் தாவும் நோய்களில் மட்டும் கொஞ்சம் நிற்க வேண்டும். கருச்சிதைவு நோய் கண்ட மந்தையில் விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொட்டால் நமக்கும் வரும். திடீரென்று செத்து, வாய், மூக்கு, ஆசனவாயில் உறையாத இரத்தம் வடியும் மாட்டை அறுக்கவே கூடாது. அது அடைப்பானாக இருந்தால் கிருமியின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும்.

குடற்புழுவில் பழைய வழக்கம் ஒன்று கெடுதல் செய்கிறது. எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் மருந்து ஊற்றுவது நல்லது என்று தோன்றும். அப்படிச் செய்தால் மருந்துக்குச் சாகாத புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். தென்னாப்பிரிக்காவில் 1990களில் ஒரு எளிய வழி கண்டுபிடித்தார்கள். ஆட்டின் கீழ் இமையை இழுத்து உள்பக்க நிறத்தை ஐந்து நிறங்கள் கொண்ட அட்டையோடு ஒப்பிடுவது. சிவந்திருந்தால் மருந்து வேண்டாம், வெளுத்திருந்தால் இரத்தம் உறிஞ்சும் புழு இருக்கிறது, அந்த ஆட்டுக்கு மட்டும் கொடு. மருந்தும் மிச்சம், மருந்தின் வீரியமும் மிச்சம். அடிக்கடி வெளுக்கும் ஆட்டை மந்தையிலிருந்து விலக்கினால் புழுவைத் தாங்கும் இனமும் உருவாகும்.

## எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது

மாட்டின் காதில் மாட்டும் அடையாள வில்லையின் எண்ணும், ஒரு நோட்டும் இல்லாத பண்ணையில் முடிவுகள் ஞாபகத்தை நம்பி நடக்கும். அழகான பசு ஞாபகத்தில் நிற்கும், இரண்டு வருஷமாகக் கன்று தராத பசு மறந்துபோகும். எழுதிவைக்க வேண்டியது அதிகமில்லை. காளையோடு விட்ட 100 பசுக்களில் எத்தனை சினையாயின, எத்தனை கன்று உயிரோடு பிறந்தன, எத்தனை கன்று தாயைவிட்டுப் பிரிக்கும் நாள்வரை பிழைத்தன. கடைசி எண்ணை ஒரு பசுவுக்கு ஆகும் வருஷச் செலவோடு சேர்த்துப் பார்த்தால் பண்ணையின் நிலைமை தெரிந்துவிடும்.

ஆறு, எட்டு மாதத்தில் கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கும்போதுதான் பெரிய முடிவு வருகிறது. காளைக்கன்றுகள் விற்பனைக்கு. கிடேரிகளில் எதை விற்பது, எதைத் தாயாக்க வைத்துக்கொள்வது? அதே சமயம் சினைப் பரிசோதனையில் வெறுமையாக இருக்கும் பசு, பல் தேய்ந்த பசு, மடி கெட்ட பசு, முட்டும் பசு எல்லாம் வெளியேறும். மேலே பார்த்த எல்லாத் திறமையும் வந்து சேரும் இடம் இந்தப் பட்டி வாசல்தான்.

## மழை வந்த பிறகு

சரி, இப்போது முதல் கேள்விக்கு வரலாம். வறட்சியில் 45 பசுவில் 23ஐ விற்றுவிட்ட பண்ணையாளர், நல்ல மழைக்குப் பிறகு பழைய எண்ணிக்கைக்குத் திரும்ப விரும்புகிறார்.

1. முதலில் புல் தேற வேண்டும். வேர் மீண்டும் ஆழப்பட ஒன்று, இரண்டு பருவம் காத்திருப்பவரே நிலத்தைக் காப்பாற்றுகிறார்.

2. வாங்கலாமென்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் பசுவைத் தேடுவார்கள். மலிவாக விற்றதை அதிக விலைக்கு வாங்க வேண்டும். ஆகவே பலரும் தங்கள் கிடேரிகளையே வைத்துக்கொள்கிறார்கள்.

3. அந்தக் கிடேரி விற்பனைக்குப் போகாது. அதாவது மந்தை பெருகத் தொடங்கும் முதல் வருஷத்தில் சந்தைக்கு வரும் மாடு இன்னும் குறையும். மழைக்குப் பிறகு விலை ஏறுவதன் காரணம் இதுதான்.

4. ஏழு மாதத்தில் வைத்துக்கொண்ட கிடேரி 14, 15 மாதத்தில் காளையோடு சேரும். சுமார் 24 மாதத்தில் முதல் கன்றை ஈனும்.

5. அந்தக் கன்று இறைச்சிக்குத் தயாராக, தானியம் கொடுத்து வளர்த்தாலும் ஏறக்குறைய ஒன்றரை வருஷம் ஆகும். புல்லிலேயே வளர்த்தால் இரண்டு வருஷத்துக்கு மேல்.

முடிவெடுத்த நாளிலிருந்து கூட்டினால் ஏறக்குறைய மூன்று வருஷம். நடுவில் இன்னொரு வறட்சி வந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. விலை உச்சத்தில் இருக்கும்போது இன்னொரு தடையும் சேர்கிறது. கிடேரியை இன்றே விற்றால் கையில் ரொக்கம். வைத்துக்கொண்டால் இரண்டு வருஷம் தீனி போட்டு, சினைபிடிக்குமா, மழை பெய்யுமா, அப்போது விலை நிற்குமா என்று காத்திருக்க வேண்டும். கடன் உள்ளவருக்கும் வயதானவருக்கும் முதல் வழியே கைகொடுக்கும்.

ஆகவே மந்தை மீள்கிறதா என்று செய்தியில் தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் மொத்த மாடுகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயனில்லை. அது பிந்தித்தான் நகரும். இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். சினைக்காக வைத்துக்கொண்ட கிடேரிகள் எத்தனை, அறுப்புக்குப் போன தாய்ப்பசுக்கள் எத்தனை. முதல் எண் ஏறி, இரண்டாவது இறங்கினால் பண்ணையாளர்கள் மழையை நம்பத் தொடங்கிவிட்டார்கள் என்று பொருள். இறைச்சி விலை இறங்க அதன்பிறகும் இரண்டு, மூன்று வருஷம் ஆகும்.